கண்டியில் யோசேவ் வாஸ் அடிகளார்: தாழ்மையும் நன்றியும்

கிறித்தவ வழிபாட்டின் உயிர்நாடிகளாகக் கூறப்படுவன தாழ்மையும் நன்றியுமாகும். கத்தோலிக்கரின் தலையாய வழிபாட்டுக்குக் கிரேக்க மொழியில் வழங்கும் பெயரே நன்றி செலுத்துதல் என்னும் பொருளுடையது. எனினும், இப்பண்புகள் செபத்தோடு நின்றுவிடுவனவா, வாழ்விலும் வெளிப்படுவனவா என்பது, ஒரு சமயத்தவர் வேற்றுச் சமயத்தவரின் ஆட்சியில் வாழ நேரும்போதே நன்கு புலனாகும். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிற் கண்டிக்கு வந்த யோசேவ் வாஸ் அடிகளாரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

அடிகளார் 1651ஆம் ஆண்டில் கோவாவிலுள்ள பெனோலிமிற் பிறந்தவர். 1676இற் குருப்பட்டம் பெற்ற அவர், அடுத்த ஆண்டிலே தம்மைத் தேவமாதாவின் அடிமையென எழுதிக் கையொப்பமிட்டார். பிராமண மரபில் வந்த ஒருவர் இவ்வாறு அடிமைச் சாசனம் எழுதியமை, குலப்பெருமை மேலோங்கியிருந்த அக்காலச் சமுதாயத்தில் ஆழ்ந்த பொருளுடையதாகும்.

அக்காலத்தில் ஈழத்தின் கரையோரங்களை ஆண்ட ஒல்லாந்தர் புரட்டஸ்தாந்தராவர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய அவர்கள், கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் அளிப்போருக்கு மரணதண்டனை விதித்திருந்தனர். இந்நிலையில் 1687இல் அடிகளார் ஏழைக் கூலியாளின் கோலத்தில் ஈழத்தை அடைந்தார். யாழ்ப்பாணப் பகுதியிலே தமிழைப் பயின்று, சில்லாலையை நிலைக்களனாகக் கொண்டு மறைவாகப் பணியாற்றினார். 1692இற் கண்டியை அடைந்தபோது, போர்த்துக்கேயரின் ஒற்றர் என ஐயுறப்பட்டுச் சிறைப்பட்டார். சிறையிருந்த காலத்திலும் அவர் வாளாவிருந்தாரல்லர். சிங்களம் கற்றார், குடிசையொன்றிற் பீடம் அமைத்துப் பூசை ஒப்புக்கொடுத்தார்.

அப்போது கண்டியில் அரசுபுரிந்தவன் இரண்டாம் விமலதர்மசூரியன் (1687–1707). அரக்கான் நாட்டிலிருந்து பிக்குமாரை வரவழைத்து உபசம்பதையை மீள நிலைநாட்டிய பௌத்தப் பற்றாளன் அவன். அம்மன்னனே அடிகளாரின் தூய்மையை உணர்ந்து, தலைநகரிற் கோவில் அமைத்து வழிபட இடமளித்தான். கிறித்தவ அரசொன்று கரையோரத்தில் தடைசெய்த பூசை, பௌத்த மன்னனொருவனின் நிழலில் மலைநாட்டிலே தடையின்றி நடைபெற்றமை வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்கதாகும்.

1697இற் கண்டி நகரைப் பெரியம்மை வாட்டியது. மன்னன் நகரை நீங்கினான், வசதியுடையோரும் வெளியேறினர், நோயுற்றோர் உறவினராற் கைவிடப்பட்டுக் காடுகளிற் கிடந்தனர். அடிகளாரும் அவருடைய உறவினரான கார்வாலோ அடிகளாரும் அவர்களுக்குக் குடிசைகள் அமைத்தனர், உணவூட்டினர், புண்களைக் கழுவினர், இறந்தோரைத் தம் கைகளாலே அடக்கம் செய்தனர். கிறித்தவர், பௌத்தர் என்ற வேற்றுமையை அவர்கள் பாராட்டவில்லை. இயேசு தம் சீடரின் பாதங்களைக் கழுவினார் என நற்செய்தி கூறுகிறது. அச்செயலின் பொருளைக் கண்டி மக்கள் கண்கூடாகக் கண்டது அந்நாள்களிலேயாகும்.

இப்பணி மதமாற்றத்துக்குரிய வழியே எனச் சிலர் கருதலாம். சமயம் பரப்பும் நோக்கம் அடிகளாருக்கு இருந்தமை மறுத்தற்கில்லை. ஆயின், அந்நோக்கம் ஒன்றே இருந்திருப்பின், மன்னனே அஞ்சி அகன்ற நகரில் அவர் உயிரைப் பொருட்படுத்தாது தங்கியிருக்க வேண்டியதில்லை. புகலிடம் தந்த நாட்டுக்கு அவர் செலுத்திய நன்றிக்கடனாகவே அத்தொண்டைக் கொள்ளுதல் பொருந்தும். மன்னனும் அதனை மறந்தானல்லன்; அடிகளார் தம் பணியைத் தடையின்றி ஆற்ற அவன் இசைந்தான்.

பின்னர்த் திருச்சபையில் உயர்பதவி தேடிவந்தபோதும் அடிகளார் அதனை ஏற்க மறுத்தார். 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியிலே காலமானார். ஸ்ரீ விஜய ராஜசிங்கன் (1739–1747) காலத்தில் நிலைமை மாறியது; குருமார் வெளியேற்றப்பட்டனர்; கோவிலும் அழிந்தது. அடிகளாரின் கல்லறை இருந்த இடமும் இன்று அறியப்படவில்லை. 2015இற் கொழும்பிற் புனிதராக உயர்த்தப்பட்ட ஒருவருக்குக் கண்டியிற் சமாதி இல்லை. தம்மை அடிமையென எழுதிக்கொடுத்தவருக்கு இம்முடிவு பொருந்தாததன்று.

ஆகவே, கண்டிக் கிறித்தவர் இறைவனுக்கு நன்றி கூறும்போது, தம் முன்னோர்க்கு இடமளித்த பௌத்த மன்னனும் நினைக்கப்பட வேண்டியவனாவான். மனிதர் செய்த நன்றியை மறந்து இறைவனுக்கு மட்டும் செலுத்தப்படும் நன்றி நிறைவுடையதாகாது. இவ்வுண்மையை ஏற்கும் தாழ்மையே வழிபாட்டின் தொடக்கம் எனலாம்.