இஸ்ரவேலின் நாட்காட்டியும் கும்ரான் குழுவினரும்

சூரிய ஆண்டு ஏறக்குறைய 365¼ நாட்களைக் கொண்டது. பன்னிரண்டு சந்திர மாதங்களைக் கூட்டினாலோ 354 நாட்களே வருகின்றன. எஞ்சி நிற்கும் பதினொரு நாட்களை என்ன செய்வது என்பது பண்டைய நாகரிகங்களுக்குத் தீராத சிக்கலாயிருந்தது. எகிப்தியர் தங்கள் அரசு அலுவல்களில் சந்திரனை ஒதுக்கிவிட்டு, முப்பது நாள் மாதங்கள் பன்னிரண்டுடன் ஐந்து நாட்களைச் சேர்த்துக்கொண்டனர். பாபிலோனியர் பிறையைக் கைவிட மனமின்றி, வேண்டியபோது பதின்மூன்றாம் மாதம் ஒன்றைச் சேர்த்தனர். அதைச் சேர்க்கும் அதிகாரம் அரசனுடையது. அம்முராபி தன் அலுவலன் ஒருவனுக்கு விடுத்த களிமண் மடல் இன்றும் உள்ளது. எலூல் மாதத்தை இருமுறை எண்ணுமாறு கட்டளையிடும் மன்னன், அதைக் காரணங்காட்டி வரி செலுத்துவதைத் தள்ளிப்போடலாகாது என்றும் மறவாமல் எழுதியிருக்கிறான்!

இஸ்ரவேலர் தொடக்கத்தில் கானானியப் பெயர்களையே மாதங்களுக்கு வழங்கினர். சாலொமோனின் ஆலய வரலாற்றில் சீப், ஏத்தானீம், பூல் என்னும் பெயர்களைக் காண்கிறோம். சிறையிருப்புக்குப் பின் எழுந்த நூல்களிலோ நிசான், எலூல், கிஸ்லே என்னும் பாபிலோனியப் பெயர்கள் வந்துவிடுகின்றன. தம்மூசுக்காக அழுத பெண்களை எசேக்கியேல் கண்டித்தார் (எசே. 8:14). ஆயினும் அத்தெய்வத்தின் பெயர் யூதரின் நான்காம் மாதத்திற்கு இன்றுவரை நிலைத்திருப்பது வியப்புக்குரியதே.

பெயர்கள் மாறியது பெரிதன்று. பண்டிகையின் நாளைக் குறிக்கும் உரிமை யாருக்கு என்பதே பெரிய வினா. யெரொபெயாம் யூதாவை விட்டுப் பிரிந்தபோது, பெத்தேலில் பலிபீடம் நிறுவியதோடு அமையாமல், ஏழாம் மாதப் பண்டிகையை எட்டாம் மாதத்திற்கு மாற்றினான் (1 இரா. 12:32, 33). பிரிவினைக்குத் தனி நாட்காட்டியும் தேவைப்பட்டது போலும்.

இரண்டாம் ஆலயக் காலத்தின் இறுதிப் பகுதியில் இவ்வினா மேலும் கூர்மையடைந்தது. எருசலேமில் மாதங்கள் சந்திரனைப் பின்பற்றியே எண்ணப்பட்டன. பஸ்கா வாற்கோதுமை முதிரும் காலத்தில் வரவேண்டியதால், பயிர் பின்தங்கிய ஆண்டில் ஆதார் மாதத்தை இருமுறை எண்ணினர். பிறையைக் கண்ட சாட்சிகளை விசாரித்தபின் மலையுச்சிகளில் தீ மூட்டித் தொலைவிலிருந்தோர்க்கு அறிவித்தனர் என்றும், சமாரியர் பொய்த்தீ மூட்டிக் குழப்பியதால் பின்னர்த் தூதரை அனுப்பினர் என்றும் மிஷ்னா கூறுகிறது.

இம்முறையை அறவே வெறுத்தோரும் இருந்தனர். 1947ஆம் ஆண்டு முதல் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்கள் 364 நாள் ஆண்டு ஒன்றை நமக்குக் காட்டுகின்றன. 364 என்பது சரியாக 52 வாரங்கள். ஆகவே ஒவ்வொரு பண்டிகையும் ஆண்டுதோறும் அதே கிழமையில் வரும். சுடர்கள் படைக்கப்பட்ட நான்காம் நாளாகிய புதன்கிழமையில் ஆண்டு பிறக்கும். பாவநிவிர்த்தி நாள் எப்போதும் வெள்ளிக்கிழமையே. பிறையைத் தேடவும் வேண்டாம், சாட்சிகளை விசாரிக்கவும் வேண்டாம். இவ்வளவு அழகான ஒழுங்கு இறைவன் வகுத்ததாகவே இருக்கவேண்டும் என்று அவர்கள் நம்பியதில் வியப்பில்லை. ஆனால் வானம் இதற்கு இணங்கவில்லை. ஆண்டுக்கு ஒன்றேகால் நாள் குறைவதால், திருத்தம் செய்யாவிடில் 24 ஆண்டுகளில் பஸ்கா ஒரு மாதம் முந்திவிடும். கதிர் விளையாத வயலில் முதற்பலனாகிய கதிர்க்கட்டைத் தேட வேண்டியதுதான்.

இவ்வேறுபாட்டின் கொடுமையை ஆபகூக் விளக்கவுரைச் சுருள் உணர்த்துகிறது. ‘கொடிய ஆசாரியன்’ என்று அவர்கள் அழைத்த ஒருவன், பாவநிவிர்த்தி நாளில் அவர்களுடைய நீதியின் போதகரைத் தேடிவந்து துன்புறுத்தினான் என்கிறது அது. அந்நாளில் ஆசாரியன் எருசலேமைவிட்டு எவ்வாறு வந்திருக்கக்கூடும்? அவனுக்கு அது பாவநிவிர்த்தி நாளன்று என்று 1951இல் ஷெமர்யாகு தல்மோன் விளக்கினார். அந்நாளில் தன்னைத் தாழ்மைப்படுத்தாதவன் தன் ஜனத்தினின்று அறுப்புண்டு போவான் என்பது நியாயப்பிரமாணம் (லேவி. 23:29). எனவே ஒரு சாராரின் கண்ணில் மறு சாரார் அனைவரும் அறுப்புண்டவரே.

நம் ஆண்டவரின் இறுதி இராப்போஜனத்தையும் இதனோடு இணைத்தோர் உண்டு. அது பஸ்கா விருந்து என்பர் முதல் மூன்று நற்செய்தியாளர்; பஸ்காவுக்கு முன்னரே நிகழ்ந்தது என்பார் யோவான். ஆண்டவர் பழைய நாட்காட்டியின்படி செவ்வாய் இரவில் பஸ்காவைப் புசித்தார் என 1957இல் வெளிவந்த நூலில் பிரெஞ்சு அறிஞர் அன்னி ஜோபேர் வாதிட்டார். அறிவுக்கூர்மை மிக்க கருத்தே. ஆயினும் ஏற்பதற்கு அரிது. ஓய்வுநாளைக் குறித்து ஆண்டவரோடு ஓயாமல் வாதாடிய பரிசேயர், அவர் வேறொரு நாளில் பண்டிகை ஆசரித்திருந்தால் வாளாவிருந்திருப்பரோ?

ஆலயம் கி.பி. 70இல் அழிந்தபின், இச்சிக்கல் யப்னேயில் மீண்டும் தலைதூக்கியது. பவுலின் ஆசிரியரான கமாலியேலின் பேரனும் அதே பெயருடையவருமான தலைவர், ஐயத்திற்குரிய சாட்சியை ஏற்றுப் புதுமாதத்தை அறிவித்தார். சாட்சிகள் கண்டதாகச் சொன்ன பிறையை மறுநாள் இரவில் ஒருவரும் காணவில்லை. ரபி யோசுவா அத்தீர்ப்பை ஒப்பவில்லை. அவருடைய கணக்கின்படி பாவநிவிர்த்தி நாளாகிய அன்றே, கோலையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு தம்மிடம் வருமாறு கமாலியேல் கட்டளையிட்டார். கணக்கில் யோசுவாவே சரியாயிருந்திருக்கக்கூடும். ஆயினும் அவர் மனவேதனையோடு கோலை ஊன்றி, பணத்தைக் கையிலேந்தி, யப்னேக்குச் சென்றார். கமாலியேல் எழுந்து அவர் தலையை முத்தமிட்டு, ஞானத்தில் தமக்கு ஆசிரியர் என்றும், கீழ்ப்படிதலில் தமக்குச் சீடர் என்றும் சொல்லி வரவேற்றார்.