எட்வின் ட்றூட்டின் ஆவியும் இலங்கையிலிருந்து சென்ற இளைஞனும்

1870 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 9 ஆம் திகதி ஆங்கில நாவலாசிரியர் சாள்ஸ் டிக்கன்ஸ் தமது 58 ஆவது வயதிற் காலமானார். அவ்வேளை அவர் எழுதிக்கொண்டிருந்த 'எட்வின் ட்றூட்டின் மர்மம்' என்னும் நாவல் பன்னிரண்டு மாதப் பகுதிகளாக வெளிவரவேண்டிய ஒரு தொடர்கதையாகும். ஏப்ரல், மே, ஜூன் மாதங்களுக்குரிய மூன்று பகுதிகள் அவர் வாழுங் காலத்தே வெளிவந்திருந்தன. மேலும் மூன்று பகுதிகள் கையெழுத்திற் கிடந்து செப்டெம்பர் வரை அச்சேறின. அதற்குமேல் ஒரு வரியுமில்லை. பாதிக் கதையோடு ஆசிரியர் மறைந்தார். பாதிக் கதையிலேயே கதாநாயகனும் மறைந்திருந்தான். அவன் கொல்லப்பட்டானா, உயிரோடிருக்கின்றானா என்பது எழுதப்படாத ஆறு பகுதிகளுக்குள் அடங்கிப்போயிற்று.

இந்நூலுக்கென டிக்கன்ஸ் பதிப்பாளரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தில், தாம் இடையில் இறக்க நேரிட்டாற் செய்யவேண்டிய ஈட்டைப் பற்றிய வாசகமொன்றை முதன்முறையாகச் சேர்த்திருந்தார் என்பது இவ்விடத்துக் குறிப்பிடத்தக்கது. பதிப்பாளருக்கு ஏற்படும் நட்டத்துக்கு அங்கே வழியிருந்தது. வாசகருக்கு ஏற்படும் நட்டத்துக்கு வழி யாதும் இருக்கவில்லை. அதனை வாசகர் தாமே தேடத் தலைப்பட்டனர். அன்று தொடங்கிய ஊகம் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஓயவில்லை.

தொடராக வரும் கதையே ஊகத்துக்கு இடந்தருவது. ஒரு பகுதிக்கும் அடுத்த பகுதிக்கும் இடையிலுள்ள நாட்கள் ஆசிரியருக்குரியவை அல்ல, வாசகருக்குரியவை. இன்று இணையத்தில் வாரந்தோறும் வெளிவரும் மாயாசாலச் சித்திரக்கதைகளில் ஆவியாகத் திரியும் பாத்திரம் ஒன்று மீளுமா, மறையுமா என்று வாசகர் தம்முள் வாதிடுவதும் இத்தகையதே. ஆயின் அங்கே அடுத்த வாரம் என்று ஒன்று உண்டு. எட்வின் ட்றூட்டின் வாசகருக்கு அது கிடைக்கவில்லை.

கதையைச் சுருக்கமாக நோக்குவோம். டிக்கன்ஸ் இளமையிலேயே நன்கறிந்த றொச்செஸ்ரர் நகரமே குளோய்ஸ்ரஹாம் என்ற பெயரோடு கதைக்களமாகின்றது. அந்நகரப் பேராலயத்தின் இசைக்குழுத் தலைவன் ஜோன் ஜாஸ்பர். வெளியே மதிப்புக்குரியவன், இரகசியத்தில் அபினுக்கு அடிமை. அவனுடைய சகோதரியின் மகன் எட்வின். எட்வினுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண் றோசா. மருமகன் மீது அளவிலா அன்பு காட்டும் மாமன், அவனுக்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணை உள்ளூர விரும்புகின்றான். நத்தார் நாளுக்கு முந்திய இரவு புயல் வீசுகின்றது. மறுநாட் காலை எட்வினைக் காணவில்லை. சில நாட்களின்பின் ஆற்றணையில் அவனுடைய கடிகாரமும் சட்டை ஊசியும் அகப்படுகின்றன. உடல் அகப்படவில்லை.

எட்வினுக்கு நேர்ந்தது யாது என்பதற்கு முதற் சாட்சியம் டிக்கன்ஸின் நெருங்கிய நண்பரும் அவரது வரலாற்றை எழுதியவருமான ஜோன் போஸ்ரரிடமிருந்து கிடைக்கின்றது. 1874 இல் வெளிவந்த தமது நூலின் மூன்றாம் பாகத்தில் அவர் இதனைத் தெளிவாகவே கூறிவிட்டார். மாமன் மருமகனைக் கொல்வதே கதை. கொலையாளி சிறைக்கூடத்தில் இருந்துகொண்டு தன் செயலை வேறொருவனது செயல்போல மீட்டுரைப்பதே அதன் புதுமை. சுண்ணாம்பில் அழியாத பொன் மோதிரமொன்றே உடலை அடையாளங் காட்டும் என்பது அவர் கூற்று. நாவலிலும் அம்மோதிரம் உண்டு. றோசாவின் தாயுடையதாயிருந்த அதனை எட்வின் சட்டைக்குள் வைத்திருக்கின்றான். ஜாஸ்பர் அதனை அறியான். கல்லறை வேலை செய்யும் டேர்டில்ஸ் என்பவனோடு ஜாஸ்பர் நள்ளிரவிற் பேராலயத்தைச் சுற்றி வருகையிற் சுண்ணாம்புக் குவியலொன்றைப் பற்றிய பேச்சும் இடம்பெறுகின்றது.

ஏனைய சாட்சியங்களும் இதனோடு இசைகின்றன. நாவலுக்குப் படம் வரைந்த லூக் பைல்ட்ஸ், ஜாஸ்பரின் கழுத்துப்பட்டி இருமடங்கு நீளமாயிருத்தல் வேண்டுமென டிக்கன்ஸ் தம்மிடம் வற்புறுத்தியதையும், அதனாலேயே எட்வின் நெரிக்கப்படவிருந்தான் என்று காரணங் கூறியதையும் 1905 இல் வெளியிட்டார். டிக்கன்ஸின் மகள் கேற் பெருஜினி 1906 இல் எழுதிய கட்டுரையும் எட்வின் இறந்தான் என்பதையே வலியுறுத்திற்று. மர்ம முடிச்சிலன்றி மனித உள்ளத்தின் இருளிலேயே தம் தந்தையின் நாட்டம் இருந்ததென்பது அவர் கருத்து.

வரலாற்று மாணவனொருவன் இத்துணை சாட்சியங்களைக் கண்டால் விடயம் முடிந்தது என்றே கொள்வான். நண்பர், ஓவியர், மகள் ஆகிய மூவரும் ஒன்றையே கூறுகின்றனர். ஆயினும் வாசகர் ஏற்கவில்லை. போஸ்ரரின் விடை மிகவும் நேரானதாய் இருந்தமையே அதன் குற்றமாயிற்று எனலாம். டிக்கன்ஸே போஸ்ரருக்கு எழுதிய கடிதமொன்றில், தமக்குத் தோன்றிய கருத்துப் புதியதென்றும், வெளியிற் சொன்னாற் சுவை கெடும் என்றும் குறிப்பிட்டிருந்தார். முதற் பகுதியிலேயே வாசகர் ஐயுறும் ஒருவனே கொலையாளி எனின், அதில் மறைக்க என்ன உண்டு என்று அவர்கள் கேட்டனர். டிக்கன்ஸின் கைக்குறிப்புக்களில் அவர் கைவிட்ட தலைப்புக்கள் சில உள்ளன. எட்வின் ஒளிந்திருப்பதாகவும், இறந்தானா உயிரோடிருக்கின்றானா என வினவுவதாகவும் அமைந்த தலைப்புக்கள் அவற்றுட் காணப்படுகின்றன. அவையும் ஐயத்துக்கு உரமாயின.

எல்லாவற்றினும் மேலாக அட்டைப்படம் இருந்தது. கேற்றின் அப்போதைய கணவரான சாள்ஸ் கொலின்ஸ் வரைந்த அவ்வட்டையிற் கதையின் பல கட்டங்கள் சிறு சிறு சித்திரங்களாய் உள்ளன. அடிப்பாகத்து நடுவே, விளக்கேந்திய மனிதன் ஒருவன் இருண்ட அறையொன்றினுள் நுழைகின்றான். அவன் எதிரே தொப்பியணிந்த இளைஞனொருவன் அசையாது நிற்கின்றான். யார் அவன்? உயிரோடு மீண்ட எட்வின் என்றனர் சிலர். எட்வினின் ஆவி என்றனர் வேறு சிலர். அபின் மயக்கிற் கொலையாளியின் மனம் படைத்த தோற்றம் என்றும், எட்வினைப் போல் வேடமிட்டு வந்த ஒருவர் என்றும் கூறியோரும் உளர். கொலின்ஸ் நோய்வாய்ப்பட்டுப் பணியிலிருந்து விலகி, 1873 இல் இறந்தார். பெருவிரலளவான அவ்வுருவத்தைச் சுற்றி எழுந்த எழுத்துக்கள் நாவலினும் நீளமானவை.

எட்வினை வாழவைக்க முயன்றோருள் முதன்மையானவர் றிச்சட் புறொக்ரர் என்பவர். இவர் இலக்கியகாரர் அல்லர். செவ்வாய்க் கிரகத்தின் படத்தை வரைந்து புகழ்பெற்ற வானியலாளர். 1887 இல் வெளியிட்ட நூலில், எட்வின் சுண்ணாம்பிலிருந்து தப்பிவிட்டான் என்றும், நாவலின் பிற்பகுதியில் வெண்டலையும் கரும்புருவமுமாய் நகருக்கு வந்து ஜாஸ்பரைக் கண்காணிக்கும் டச்செரி என்பவன் மாறுவேடம் பூண்ட எட்வினே என்றும் அவர் வாதிட்டார். தன்னைக் கொன்றதாக எண்ணியிருப்பவனை இறந்தவனே காவல் காக்கின்றான் என்பது அவர் கண்ட காட்சி. சான்றுகள் வலுவானவை அல்ல. ஆயின் இவ்வூகம் எழுந்த உள்ளத்தை நாம் எள்ளுதற்கில்லை. உடல் கிடைக்காத மரணத்தை மரணம் என்று ஏற்க மனம் மறுக்கும். இதனை எம் நாட்டு வாசகருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஆசிரியரையே கேட்டுவிட்டால் என்ன என்று எண்ணியோரும் இருந்தனர். அமெரிக்காவின் வேர்மொன்ற் மாநிலத்திற் பிறற்றில்பொறோ என்னும் ஊரில் வாழ்ந்த ரி. பி. ஜேம்ஸ் என்ற அச்சுத் தொழிலாளி, டிக்கன்ஸின் ஆவி தன் கைவழியே எழுதியது எனக் கூறி 1873 இல் நாவலின் 'முழுமையை' வெளியிட்டான். அது விலைப்பட்டது. ஷேர்லொக் ஹோம்ஸைப் படைத்த ஆதர் கொனன் டொயிலும் ஆவியுலக அமர்வொன்றில் டிக்கன்ஸ் தோன்றி, எட்வின் உயிருடன் இருப்பதாய் அறிவித்த செய்தியை 1930 இல் நூலொன்றிற் பதிவுசெய்தார். தம் துப்பறிவாளனை 1893 இற் கொன்று, வாசகரின் நெருக்குதலின் பின் 1903 இல் மீட்டுக் கொண்டுவந்தவர் அவர். இறந்த பாத்திரம் மீளக்கூடும் என்பதை அவரினும் நன்கறிந்தார் யாவர்?

1914 ஜனவரி 7 ஆம் திகதி இலண்டனில் கொவன்ற் காடினில் உள்ள கிங்ஸ் மண்டபத்தில் ஜோன் ஜாஸ்பருக்கு எதிராக ஒரு கொலைவழக்கு விளையாட்டாக நடத்தப்பட்டது. டிக்கன்ஸ் அன்பர் சங்கத்தினர் அதனை ஒழுங்கு செய்தனர். ஜி. கே. செஸ்ரர்ரன் நீதிபதி, பேர்னாட் ஷோ யூரிமாரின் தலைவர். சட்ட நுணுக்கங்களோடு மணிக்கணக்காக வாதம் நடைபெற்றது. முடிவில் ஷோ எழுந்து, 'கைமோசக் கொலை' என்னும் தீர்ப்பைக் கூறினார். கழுத்தை நெரித்துச் சுண்ணாம்பிலிட்டதாகச் சொல்லப்படும் செயல் கைமோசம் ஆவது எங்ஙனம் என எவருக்கும் விளங்கவில்லை. நீதிபதி செஸ்ரர்ரன் தம்மைத் தவிர மண்டபத்திலிருந்த அனைவரும் நீதிமன்றை அவமதித்தனர் எனத் தண்டித்து, வழக்கை முடித்தார்.

இவ்வாறு எட்வினின் விதி வானியலாளரையும் நாடகாசிரியரையும் ஆவியுலக ஆராய்ச்சியாளரையும் ஆட்கொண்டது. ஆயின் இவ்வூகங்களை ஒருசேர நோக்குமிடத்து ஒரு குறை புலனாகின்றது. ஒருவன் காணாமற்போன இடத்தில் இருவரது வாழ்வு அந்தரத்தில் நிற்கின்றது. ஒருவன் காணாமற்போனவன். மற்றவன் ஐயத்துக்குள்ளானவன். முன்னவனைப் பற்றி நூலகம் நிறைய எழுதினர். பின்னவனைப் பற்றி அரிதாகவே வினவினர். அவன் இலங்கையிலிருந்து சென்றவன்.

அவன் பெயர் நெவில் லாண்ட்லெஸ். நிலமற்றவன் என்பது அக்குடும்பப் பெயரின் பொருள். அவனும் அவனோடு ஒருங்கு பிறந்த ஹெலெனாவும் பெற்றோரை இழந்து, இலங்கையிற் கொடிய மாற்றாந்தந்தையிடம் வளர்ந்து, அவன் இறந்தபின் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டவர்கள். இருவரும் கருநிறத்தினர் என்பதை டிக்கன்ஸ் முதற் காட்சியிலேயே கூறுகின்றார். அவர்களது குலம் யாதென்பதை எங்கும் தெளிவுபடுத்தவில்லை. டிக்கன்ஸுக்கு இலங்கை முற்றிலும் அறியாத நாடன்று. அவர் நடத்திய 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' இதழில், இலங்கையிற் பத்திரிகைத் தொழில் புரிந்த ஜோன் கப்பர் இத்தீவைப் பற்றிப் பல கட்டுரைகள் எழுதியுள்ளார். ஆயினும் நாவலில் இலங்கை ஒரு நாடாக வரவில்லை. ஒரு கறையாகவே வருகின்றது. தாழ்ந்த இனத்தவரிடையே வளர்ந்தமையால் அவர்களது புலிக்குணம் தன் இரத்தத்திலும் ஒரு துளி கலந்திருக்கலாம் என நெவிலே தன் ஆசிரியரிடம் கூறும்படி செய்கின்றார் டிக்கன்ஸ். இலங்கைக் காட்டிற் சிறுத்தை உண்டேயன்றி, வரிப்புலி இல்லை என்பதை அவர் அறிந்திலர் போலும்.

எட்வின் மறைந்த மறுநாள், தனியே நடைப்பயணம் புறப்பட்ட நெவிலைச் சிலர் வழிமறித்து மீட்டுவருகின்றனர். நகர முதல்வர் சப்சிக்கு அவன்மீது குற்றங்காண வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. வழக்கின் நிறமே ஆங்கில நிறமன்று என்பது அவர் துணிபு. உடல் கிடைக்காமையால் அவனைத் தண்டிக்க இயலவில்லை. அதனாலேயே அவனை விடுதலை பெற்றவனாகவும் நகரம் கருதவில்லை. ஊரைவிட்டு நீங்கி, இலண்டனில் ஸ்ரேப்பிள் இன் என்னுமிடத்து மேல்மாடி அறையொன்றில் ஒதுங்கிச் சட்டம் படிக்கின்றான். பகலிற் பிறர் கண்படக் கூசி, இருட்டிய பின்னரே வெளியே நடக்கின்றான். நடமாடும் ஆவி ஒன்று இந்நாவலில் உண்டெனின் அது எட்வின் அன்று, இவனே என்பது எமது கருத்து.

ஹெலெனாவுக்காவது ஊகத்தில் ஓரிடம் கிடைத்தது. சிறுவயதில் நான்கு முறை வீட்டைவிட்டு ஓடியபோது அவள் ஆண்வேடம் பூண்டாள் என்ற குறிப்பைப் பற்றிக்கொண்டு, டச்செரி என்பவர் மாறுவேடம் பூண்ட ஹெலெனாவே என்று ஜே. கியூமிங் வோல்ற்றர்ஸ் 1905 இல் வாதிட்டார். தம்பியின் பழியைத் துடைக்கத் தமக்கை துப்பறிகின்றாள் என்ற இவ்வூகமே நெவிலின் நிலையைச் சிறிதேனும் பொருட்படுத்திய ஊகமாகும். ஒருங்கு பிறந்தாரைத் தமக்கை, தம்பி எனப் பிரித்தல் வழக்கு நோக்கியே. துணிவில் அவளே மூத்தவள். 1985 இல் நியூயோர்க்கில் அரங்கேறிய றூபேட் ஹோம்ஸின் இசைநாடகத்திலோ, கொலையாளி யார் என்பதைப் பார்வையாளர் ஒவ்வோர் இரவும் வாக்களித்துத் தீர்மானித்தனர். தெரிவுக்குரியோர் பட்டியலில் நெவிலின் பெயரும் இருந்தது. டிக்கன்ஸின் நகரமாந்தர் சான்றின்றிச் செய்த முடிவை நூறாண்டு கழித்துக் கைதட்டலோடு செய்ய இயன்றது. அண்மைக்கால விமரிசகர் சிலர் குடியேற்ற ஆட்சியின் பின்னணியில் இவ்விரட்டையரை நோக்கத் தொடங்கியுள்ளமை வரவேற்கத்தக்கது.

போஸ்ரரிடமே திரும்புவோம். நாவலின் முடிவைக் கூறும் அதே பக்கத்தில் ஏனையோரின் விதியையும் அவர் தருகின்றார். றோசா, கடற்படையிலிருந்து விலகிய தாட்டர் என்பவனை மணப்பாள். ஹெலெனா, மதகுரு கிறிஸ்பார்க்கிளை மணப்பாள். நெவில், கொலையாளியைப் பிடிக்கத் தாட்டருக்கு உதவுகையில் இறந்துபடுவான். ஏனைய செய்திகளை உறுதியோடு கூறிச்செல்லும் போஸ்ரர், நெவிலின் மரணத்தைக் கூறுமிடத்து மாத்திரம் 'என நினைக்கின்றேன்' என்று ஒரு சொல்லை இடையிற் சேர்த்துள்ளார். எட்வினின் மரணத்தை நூற்றைம்பது ஆண்டுகள் மறுத்த வாசகர், ஐயத்தோடு சொல்லப்பட்ட இம்மரணத்தை மறுத்து எழுதினாரில்லை என்றே சொல்லலாம்.

ஜூன் 8 ஆம் திகதி டிக்கன்ஸ் இறுதியாக எழுதிய பக்கத்தில், டச்செரி அலுமாரிக் கதவிற் சுண்ணக்கட்டியாற் கோடொன்றை இழுத்துவிட்டுக் காலையுணவுக்கு அமர்கின்றார். நெவில் அங்கில்லை. அவன் ஸ்ரேப்பிள் இன் மாடியறையிற் சட்டப் புத்தகங்களோடு இருட்டும் வரை காத்திருக்கின்றான்.