ஏழால் வகுபடாத 480

"மெஷர் 12, ஸ்டாஃப் 1 முழுமையாக இல்லை. எதிர்பார்த்தது 4/4, கிடைத்தது 7/8." மியூஸ்ஸ்கோர் என்ற இலவச இசைக்குறிப்பு மென்பொருளின் 2.0 தலைமுறையோடு பழகியவர்களுக்கு இந்த மாதிரியான எச்சரிக்கை அறிமுகமானதுதான். ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் இந்தப் புகாரில் கணினிப் பாஷையே கிடையாது. வாத்தியார் சிவப்பு மையில் "இங்கே அரை எண்ணிக்கை இடிக்குது, பாரு" என்று எழுதியதுபோல இருக்கிறது. ஒரு மென்பொருளுக்குத் தாளம் எப்போதிலிருந்து தெரிய ஆரம்பித்தது? அந்தக் கேள்விதான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்தது.

மெஷர் என்பது ஸ்டாஃப் நொட்டேஷனில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவில் இருக்கும் பெட்டி. நம்ம ஆவர்த்தனத்துக்குத் தூரத்துச் சொந்தம். 4/4 என்று போட்டால் அந்தப் பெட்டிக்குள் நான்கு குவார்ட்டர் நோட்டுகளின் கால அளவு இருக்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

1970களில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் லீலண்ட் ஸ்மித் என்ற இசையமைப்பாளர் உருவாக்கிய 'ஸ்கோர்' நிரலுக்கு இந்தப் பெட்டியைப் பற்றிப் பெரிய கவலை இல்லை. அதன் ஃபைலில் ஒவ்வொரு குறியும் ஒரு வரிசை எண்கள். என்ன பொருள், எந்த ஸ்டாஃப், இடமிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்று வரிசை நீளும். பார் கோடும் அங்கே இன்னொரு பொருள், அவ்வளவுதான். நீங்கள் 4/4இல் ஐந்து குவார்ட்டர் நோட் வைத்தாலும் அந்த ஃபைல் உடையாது. செம்புத் தகட்டில் நொட்டேஷன் செதுக்கிய பழைய கைவினைஞரின் பார்வை அது. பக்கம் அழகாக இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

1988இல் ஃபில் ஃபாரண்ட் எழுதிய ஃபினாலே வந்தது. 1993இல் ஃபின் சகோதரர்கள் என்ற பிரிட்டிஷ் இரட்டையர்கள், ஏக்கான் கணினிக்காக அசெம்பிளி மொழியிலேயே எழுதிய சிபேலியஸ் வந்தது. இவை வாசித்துக் காட்டும், சுருதி மாற்றும், ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனிப் பக்கம் பிரித்துத் தரும். அதற்கெல்லாம் நிரலுக்குக் காலம் தெரிந்தாக வேண்டும். காலத்தை எண்ணாக வைக்கும்போதுதான் சிக்கல் உள்ளே நுழைகிறது. (ஃபாரண்ட் பின்னாளில் ஸ்டார் ட்ரெக் தொடரின் ஓட்டைகளைப் பட்டியலிட்டுப் புத்தகங்கள் எழுதினார். குறை கண்டுபிடிப்பதை ரசித்த ஒருவர்தான் ஃபினாலேவை எழுதினார் என்பது எனக்குப் பிடித்த தகவல்.)

ஒரு குவார்ட்டர் நோட்டை ஃபினாலே 1024 துண்டாக எண்ணுகிறது. சிபேலியஸ் 256ஆக. மியூஸ்ஸ்கோரின் ஆரம்பத் தலைமுறைகள் 480ஆக எண்ணின. 480 ஒரு நல்ல எண். இரண்டால், மூன்றால், ஐந்தால் வகுபடும். டிரிப்லெட் என்றால் நோட்டுக்கு 160. ஐந்தாகப் பிரித்தால் 96. ஏழாகப் பிரித்தால்? 68.57 வருகிறது. முழு எண்ணாக வெட்டினால் 68. ஏழு நோட்டுகளையும் கூட்டினால் 476. நான்கு துண்டுகள் எங்கேயோ விழுந்துவிட்டன. காதுக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் கணக்குப் பார்க்கும் நிரலுக்கு அந்த மெஷர் நிரம்பவில்லை.

இப்போது ஷோப்பானை நினைத்துப் பாருங்கள். 1830களின் தொடக்கத்தில் வெளியான ஓபஸ் 9, முதல் நாக்டர்னின் தொடக்கத்திலேயே இடது கையின் 12 நோட்டுகளுக்கு எதிராக வலது கை 22 நோட்டுகளைப் பாடுகிறது. அந்த 12 நோட்டுகள் 2880 துண்டுகள். 22ஆல் வகுத்தால் மீதி வருகிறது. முழு எண்ணாக வெட்டினால் 20 துண்டுகள் காணாமல் போகும். பியானோ வாசிப்பவர் இதைக் கணக்குப் போட்டா வாசிக்கிறார்? மூச்சு விடுகிற மாதிரி வாசித்துக்கொண்டு போகிறார். எரிக் சாட்டி தன் முதல் மூன்று 'நோசியென்' படைப்புகளில் பார் கோடே போடவில்லை. இசை பெட்டிக்குள் அடங்கியே தீரும் என்பது மென்பொருள் நம்பிய ஒன்று. இசையமைப்பாளர்கள் அப்படி எந்த வாக்குறுதியும் தரவில்லை.

நிரலாளர்கள் இந்த மீதிகளுக்குத் தனிச் சலுகை எழுதிப் பார்த்தார்கள். ஆனால் ஒரு டிரிப்லெட்டுக்குள் இன்னொன்று, அதைப் பாதியில் வெட்டி வேறு மெஷரில் ஒட்டு, பிறகு அன்டூ செய் என்று வரும்போது ஏதாவது ஒரு சலுகை விட்டுப்போகும். கடைசியில் மியூஸ்ஸ்கோர் தன் மூன்றாம் தலைமுறையில் துண்டு எண்ணிக்கையை விட்டுவிட்டுப் பின்னத்துக்கு மாறியது. ஏழில் ஒன்று, இனி ஏழில் ஒன்றாகவே இருக்கும். பள்ளியில் நாம் வெறுத்த பின்னக் கணக்குதான் இங்கே காப்பாற்றியது.

கெட்டுப்போன ஃபைலை மீட்கும் கலையும் இந்த வரலாற்றிலிருந்தே வருகிறது. முதலில் நகல் எடுத்துவிட்டு அதில்தான் கை வைக்க வேண்டும். எச்சரிக்கை சொல்லும் மெஷருக்குப் போய், அதில் எந்தக் குரல் வரிசை இடிக்கிறது என்று பார்க்க வேண்டும். நோட்டுகளை மட்டும் அழித்தால் பெட்டியின் தவறு அப்படியே தங்கிவிடும். மெஷரையே எடுத்துவிட்டுப் புதியதைச் செருகி, திரும்ப எழுத வேண்டும். முழு ஸ்கோர் சரியாக இருந்து தனி வாத்தியப் பக்கம் மட்டும் கெட்டிருந்தால், அந்தப் பக்கத்தை நீக்கிவிட்டு மறுபடி உருவாக்கலாம். எதுவுமே திறக்கவில்லையா? மியூஸ்ஸ்கோர் ஃபைல் உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். பிரித்தால் உள்ளே எக்ஸ்எம்எல் எழுத்துகள் இருக்கும். முதல்முறை அப்படிப் பிரித்துப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியம். ஒவ்வொரு நோட்டும் தன் சுருதியோடும் கால அளவோடும் சாதாரண வரிகளாக உட்கார்ந்திருந்தது. மென்பொருள் கைவிட்டாலும் மனிதக் கண்ணால் படிக்க முடிகிறது.

பிரித்தும் பயனில்லாத ஒரு வகை உண்டு. சேவ் செய்யும் நேரத்தில் மின்சாரம் போனால், சில சமயம் அளவு சரியாக இருக்கும், உள்ளே முழுக்கச் சுழியங்களாக இருக்கும். அங்கே மீட்க எதுவும் இல்லை, பேக்கப் தவிர. அதனால்தான் ஒழுங்கான நிரல்கள் முதலில் தற்காலிக ஃபைலில் எழுதி, முழுமையானதைச் சரிபார்த்த பிறகே பழையதன் இடத்தில் வைக்கின்றன.

இதைவிட மெதுவான கெடுதல் ஒன்று இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 26 அன்று ஃபினாலேவை நிறுத்துவதாக மேக்மியூசிக் நிறுவனம் அறிவித்தது. ஓராண்டுக்குப் பிறகு புதுக் கணினியில் அனுமதி பெற முடியாது என்றார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அதைத் திரும்பப் பெற்றார்கள். முப்பத்தைந்து ஆண்டுகளாகப் பலர் சேர்த்துவைத்த ஃபைல்களில் ஒரு பிட் கூடப் பழுதாகவில்லை. ஆனால் அவற்றைப் படிக்கத் தெரிந்த முக்கிய வாசகர் ஓய்வுபெற்றுவிட்டார்.

தப்பிக்க வழி, 2004இல் மைக்கேல் குட் வெளியிட்ட மியூசிக்எக்ஸ்எம்எல். பல மென்பொருள்களுக்கும் பொதுவான வடிவம். சுவாரசியம் என்னவென்றால், இது ஒவ்வொரு ஃபைலையும் தன் குவார்ட்டர் நோட்டை எத்தனையாகப் பிரிக்க வேண்டும் என்று தானே அறிவிக்க விடுகிறது. ஏழு தேவையா? ஏழின் மடங்கைச் சொல்லிக்கொள். ஷோப்பானுக்கு 11இன் மடங்கு.

பக்கத்தின் நுணுக்கமான அமைப்பு இதில் கொஞ்சம் கலையும். நோட்டுகள் பெரும்பாலும் வந்து சேர்ந்துவிடும். ஒரு படைப்பை முடிக்கும் அன்றே மூல ஃபைல், மியூசிக்எக்ஸ்எம்எல், பிடிஎஃப் மூன்றையும் எடுத்து வைக்கிற இசைக்கலைஞர்களைப் பார்த்துத்தான் நானும் அதைப் பழகிக்கொண்டேன். முதலாவது நாளை திருத்துவதற்கு. இரண்டாவது, இன்னும் எழுதப்படாத ஏதோ ஒரு மென்பொருளுக்கு. மூன்றாவது, காகிதத்தில் அச்சிட்டு ஸ்டாண்டில் வைத்தால் போதும், எந்த மென்பொருளும் இல்லாமல் ஒருவர் வாசித்துவிடுவார்.