ஒரு தாடையெலும்பும் இரண்டாயிரம் மண்டையோடுகளும்

எங்கட மேடைகளில் அறிவியல் என்று பேச்செடுத்தால் இப்னு ஸீனா, அர்ராஸீ என்று பெயர்கள் வரிசையாக வரும். "இதெல்லாம் நம்மட ஆக்கள் அப்பவே சொல்லிட்டாங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். என்ன சொன்னார்கள், எப்படிக் கண்டார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அதற்காகவே எலும்பைப் பற்றிய ஒரு சிறு வரலாற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ், மனிதனின் கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்று எழுதினார். அவர் அறுத்துப் பார்த்தவை பெரும்பாலும் விலங்குகளே. ஆயினும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அவரது சொல்லே மருத்துவ நூல்களில் நிலைத்தது.

1200ஆம் ஆண்டு நைல் நதி பெருகவில்லை. எகிப்தைப் பெரும் பஞ்சம் பிடித்தது. அப்போது கெய்ரோவில் இருந்த மருத்துவர் அப்துல் லதீஃப் அல் பக்தாதீ (1162–1231), அல்மக்ஸ் என்ற இடத்தில் மனித எலும்புகள் குன்றாகக் குவிந்து கிடப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளை ஆராய்ந்தார். கீழ்த்தாடை ஒரே எலும்பு. பொருத்தோ தையலோ இல்லை. தன் கண்ணை மட்டும் நம்பாமல் மற்றவர்களையும் பார்க்க வைத்தார். பொருத்து இருந்தால் பழைய எலும்பில் அது விட்டுப்போயிருக்கும் என்று பழைய கபுறுகளின் எலும்புகளையும் சோதித்தார். ஜாலீனூஸ் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் கண்கண்ட சாட்சியே மேலானது என்று 'அல் இஃபாதா வல் இஃதிபார்' நூலில் பதிந்தார். ஐரோப்பாவில் வெசாலியஸ் இதே திருத்தத்தைச் செய்தது 1543இல்.

ஆனால் எலும்புக்குள் இருப்பதை அவர் கண்டார் என்று சொன்னால் அது பொய். அதற்கு நுண்ணோக்கி வேண்டியிருந்தது. 1691இல் ஆங்கில மருத்துவர் க்ளொப்டன் ஹேவர்ஸ் எலும்பின் நுண்துளைகளை விவரித்தார். இன்று அவை ஹேவர்சியன் கால்வாய்கள். இரத்தக் குழாய் ஓடும் ஒவ்வொரு கால்வாயையும் சுற்றி, வெங்காயத் தோல் போல எலும்பு அடுக்குகள் படிந்திருக்கும். அடுக்குகளுக்கிடையே சிறு குழிகளில் எலும்புச் செல்கள் குடியிருக்கும். மயிரிழையிலும் மெல்லிய வாய்க்கால்கள் வழியாக ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். எலும்பைக் கட்டும் செல்கள் வேறு, கரைக்கும் செல்கள் வேறு. கரைப்பவற்றுக்கு 1873இல் பெயர் வைத்தவர் கோலிக்கர்.

அல் பக்தாதீ கண்டதற்கான விளக்கமும் இந்தச் செல்களிடமே இருக்கிறது. பிறக்கும்போது குழந்தையின் கீழ்த்தாடை உண்மையிலேயே இரண்டு பாதிதான். முதல் வருடத்துக்குள் கட்டும் செல்கள் நடுவிலுள்ள இடைவெளியை நிரப்பிவிடும். பிறகு கரைப்பதும் கட்டுவதும் மாறிமாறி நடக்க, தையலின் அடையாளமே இல்லாமல் போகும். நாய் போன்ற விலங்குகளில் இரு பாதிகளும் முழுமையாக ஒட்டுவதில்லை.

ஆகவே அல் பக்தாதீயின் பெருமை, எல்லாவற்றையும் முந்திச் சொன்னதில் இல்லை. பெரிய பெயருக்குப் பயப்படாமல் போய்ப் பார்த்ததிலும், பார்த்ததை மட்டும் எழுதியதிலும்தான் இருக்கிறது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அந்த அறிவைத் தந்தவை, கபன் சுற்றி அடக்கக்கூட ஆளில்லாமல் போன ஏழைகளின் எலும்புகள். அவர்களது பெயர் எந்த நூலிலும் இல்லை. அந்த அறிவை வெறும் மேடைப் பெருமையாக்குவது அவர்களுக்கும் செய்யும் அநியாயம்.