சட்டாம்பிள்ளையிலிருந்து பட்டயப் பயிற்சி வரை

பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தது யார் என்று கேட்டால் வாத்தியார் என்று சொல்லிவிடலாம். அந்த வாத்தியாருக்கு, கணக்கை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? தமிழ்நாட்டில் இந்தக் கேள்விக்கு இருநூறு வருஷத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது.

திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் பயிற்சி என்று தனியாக எதுவும் கிடையாது. எண்சுவடியை மனப்பாடம் செய்த பெரிய பையன் சட்டாம்பிள்ளை ஆவான். சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்து வாய்ப்பாட்டை முறை சொல்ல வைப்பது அவன் வேலை. முழு எண் மட்டும் இல்லை. கால், மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) வரைக்கும் பின்னத்திலேயே பெருக்கல் வாய்ப்பாடு உண்டு. நெல் அளக்க, நிலம் அளக்க, கூலி போட இதெல்லாம் அன்றாடம் வேண்டியிருந்தது. சொல்லிக்கொடுத்தபடியே சொல்லிக்கொடுக்கக் கற்றுக்கொண்டவன் சட்டாம்பிள்ளை.

இதை ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் கவனித்தார். 1789-ல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண்கள் அநாதை விடுதிக்குப் பொறுப்பேற்றவர் அவர். உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து, விடுதியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். அங்கே இருந்த ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. உடனே ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனிடம் வகுப்பை ஒப்படைத்தார். பையன் நடத்திக் காட்டினான்! பெல் இங்கிலாந்து திரும்பி 1797-ல் இதைப் புத்தகமாகப் போட்டார். அங்கே அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர். நம்ம ஊர் சட்டாம்பிள்ளை இப்படித்தான் கப்பல் ஏறினான்.

தாமஸ் மன்றோ 1822-ல் மாகாணம் முழுக்கப் பள்ளிக் கணக்கெடுப்பு நடத்தச் சொன்னார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று 1826-ல் தொகை வந்தது. பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823-லேயே தன் அறிக்கையில் இரண்டு விஷயம் எழுதினார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறை சிக்கனமானது, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது சரிதான் என்றார். ஆனால் பிள்ளைகள் அர்த்தம் தெரியாமல் ஒப்பிக்கிறார்கள் என்றும் குறை சொன்னார். அந்தக் குறை இன்னைக்கும் கேட்கிற குறைதான், இல்லையா?

1856-ல் சென்னையில் அரசு நார்மல் பள்ளி வந்தது; பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரி ஆனது அதுதான். இப்படித்தான் வாத்தியார் ஆவதற்குத் தனியாகப் படிக்க வேண்டும் என்ற ஏற்பாடு மெல்ல மெல்ல நிலைபெற்றது. 1957-ல் அணா போய் நூறு காசு வந்தது. அடுத்த சில வருஷங்களில் படியும் பலமும் போய் லிட்டரும் கிலோவும் வந்தன. முந்திரிக்கும் காணிக்கும் வேலை இல்லாமல் போனது. ஊர் அளவையோடு ஒட்டியிருந்த பின்னம், பாடப்புத்தகத்தில் மேலே ஒரு எண், கீழே ஒரு எண் என்று நின்றுவிட்டது.

1986-ன் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு மாவட்டம்தோறும் ஆசிரியர் பயிற்சி நிறுவனம் என்ற திட்டம் வந்தது. ஆரணி இருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்துக்கு அது கீழ்பென்னாத்தூரில். பிளஸ் டூ முடித்துவிட்டு இரண்டு வருஷப் பட்டயப் பயிற்சி. சரி, அந்த இரண்டு வருஷத்தில் கணக்கில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? அஞ்சாம் வகுப்புக் கணக்கு யாருக்குத்தான் தெரியாது என்று தோன்றும்.

52-லிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்னால் ஒரு பிள்ளை 45 என்று எழுதும். ‘தப்பு, 35’ என்று சொல்ல யாராலும் முடியும். அந்தப் பிள்ளை ஒவ்வொரு இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்திருக்கிறது, ஐம்பத்திரண்டை ஐந்து பத்து, இரண்டு ஒன்று என்று இன்னும் பார்க்கவில்லை என்று கண்டுபிடிப்பது வேறு வேலை. கணக்குப் போடத் தெரிந்தவர் எல்லோருக்கும் அது வராது.

லிபிங் மா என்ற ஆய்வாளர் 1999-ல் வெளியிட்ட புத்தகத்தில் இது தெளிவாகத் தெரியும். ஒன்றே முக்காலை அரையால் வகுக்க ஒரு கதை சொல்லுங்கள் என்று ஆசிரியர்களிடம் கேட்டார். அமெரிக்க ஆசிரியர்கள் பலர் அரையால் வகுப்பதையும் இரண்டால் வகுப்பதையும் குழப்பிக்கொண்டார்கள். அவர் கேட்ட 72 சீன ஆசிரியர்களும் விடையைச் சரியாகப் போட்டார்கள். அவர்கள் கல்லூரிப் பட்டம் வாங்கியவர்களும் இல்லை. தொடக்கப் பள்ளிக் கணக்கை ஆழமாகப் படித்தவர்கள், சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து பேசிப் பேசித் தெளிந்தவர்கள்.

ஆரணியில் இந்தக் கதைக்குப் பஞ்சமே இல்லை. ஒன்றே முக்கால் மீட்டர் துணியில் அரை மீட்டர் துண்டு எத்தனை? மூன்றரை. முடிந்தது! பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறவர் கட்டத்தாளில் வரைகிறார். கட்டத்தைப் பார்த்து ஜக்கார்டு அட்டையில் துளை விழுகிறது. துளையைப் பார்த்து பாவு இழை மேலே எழும்புகிறது. விகிதமும் வரிசையும் சமச்சீரும் அதில் அப்படியே இருக்கின்றன. தறி வீட்டுப் பிள்ளை அதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்கு வருகிறது. வாத்தியாருக்கு அது கணக்காகத் தெரியாவிட்டால், அந்தப் பிள்ளை ‘கணக்கு வராத பிள்ளை’ ஆகிவிடும்.

திண்ணைப் பள்ளியை மறுபடி கொண்டுவா என்று நான் சொல்லவில்லை. எல்லாச் சாதிக்கும் கதவு திறந்திருந்த இடமும் இல்லை அது. ஆனால் ஊரின் அளவையும் பள்ளியின் கணக்கும் ஒன்றாக இருந்த இடம் அது. வாத்தியாராகப் போகிறவரும் கூடவே இருந்து, பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று பார்த்துப் பழகினார். இரண்டு வருஷப் பயிற்சியில் இந்த இரண்டுக்கும் எத்தனை மணி நேரம் ஒதுக்குகிறோம் என்பதைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.