உதவிய கையும் ஒப்பமிட்ட கையும்: ஒன்ராறியோவில் சேர்க்கைக் கட்டுரையின் வரலாறு

ரொறன்ரோவுக்கு வடகிழக்கே, மார்க்கம் நகரை அடுத்துள்ள ஸ்ரௌவ்வில், 1804-இல் பென்சில்வேனியாவிலிருந்து வந்து நிலம் திருத்திய ஏபிரகாம் ஸ்ரௌஃபரின் பெயரைத் தாங்கிய மெனனைற் என்னும் கிறித்தவப் பிரிவினரின் கிராமமாகத் தொடங்கி, ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் காலூன்றிய ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பின்னாளில் வீடு வாங்கிக் குடியேறும் ஊர்களுள் ஒன்றாயிற்று. அக்குடும்பங்களின் பிள்ளைகள் இளமாணிப் பட்டத்தின் பின் மருத்துவத்துக்கோ முதுமாணிப் படிப்புக்கோ விண்ணப்பிக்கையில், தாம் யார், எதற்காக அத்துறையை நாடுகின்றனர் என்பதை விளக்கும் நோக்க அறிக்கையையோ தன்வரலாற்றுக் குறிப்பையோ பெரும்பாலும் அனுப்ப வேண்டியிருக்கிறது. அனுப்புமுன் அதைப் படித்த உறவினரிடமோ ஆசிரியரிடமோ கட்டணம் பெறும் ஆலோசகரிடமோ காட்டித் திருத்திக்கொள்வது இயல்பாகிவிட்டது. பிறர் உதவியோடு எழுதுவது இச்சமூகத்துக்குப் புதிதன்று. எனினும் முந்திய தலைமுறையினர் பெற்ற எழுத்துதவியில் உதவியவரின் கை தாளிலேயே பதிவாயிற்று என்பதும், சேர்க்கைக் கட்டுரையில் அதற்கென இடமே ஒதுக்கப்படவில்லை என்பதும் கவனிக்கத்தக்க வேறுபாடாகும்.

விண்ணப்பதாரர் எத்தகையவர் என்று விசாரிக்கும் வழக்கம் வட அமெரிக்காவில் களங்கமற்ற நோக்கத்தோடு தோன்றியதன்று. நுழைவுத் தேர்வுகளில் யூத மாணவர் பெருந்தொகையாகத் தேறிவந்த காலத்தில், கொலம்பியாப் பல்கலைக்கழகம் 1919-இல் சமயம், தந்தையின் பிறப்பிடம், தாயின் பிறந்தகக் குடும்பப்பெயர் ஆகியவற்றை வினவி ஒளிப்படமும் கேட்ட நீண்ட படிவமொன்றைப் புகுத்தியது; ஹார்வர்ட் 1926-இல் குணநலனையும் சேர்க்கைக்குரிய அளவுகோலாக்கியது. ஈழத்தமிழரின் அனுபவமோ இதற்கு நேர்மாறானது. 1970-களின் தொடக்கத்தில் இலங்கையில், பல்கலைக்கழக அனுமதிக்கான புள்ளிகளை மொழிவாரியாகச் சரிசெய்த தரப்படுத்தலும் பின்னர் மாவட்ட ஒதுக்கீடும் பெரும் அரசியற் கொந்தளிப்பை எழுப்பியபோதும், சச்சரவு முழுவதும் புள்ளிகளைச் சுற்றியே நிகழ்ந்தது. மாணவர் தம்மைப்பற்றி ஒரு பக்கம் எழுதித்தர வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை.

ஆனால் வாழ்வைத் தீர்மானிக்கும் ஆவணங்களைத் தேர்ந்த ஒருவரைக்கொண்டு எழுதுவிக்கும் மரபு யாழ்ப்பாணத்தில் உறுதியாக வேரூன்றியிருந்தது. காணி உறுதி, அதாவது நிலத்தின் உரிமைப் பத்திரம், 1907-ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசு ஒருவரால் அத்தாட்சிப்படுத்தப்பட்டது. அவர் தம் ஒப்பத்தோடு சேர்க்கும் அத்தாட்சிக் குறிப்பில், உறுதி வாசித்து விளங்கப்படுத்தப்பட்டது என்பதோடு, எப்பக்கத்தின் எவ்வரியில் எச்சொல் வெட்டப்பட்டது, எது இடையில் சேர்க்கப்பட்டது என்பதும் நிரல்படுத்தப்பட்டது. உரிமை எழுதுவித்தவருக்கும் சொல்லமைப்பின் பொறுப்பு எழுதியவருக்கும் உரியது என்ற பிரிவினை, இவ்வாறு ஒரே ஆவணத்தில் ஐயத்துக்கு இடமின்றி நிலைபெற்றது.

1983-இன் தமிழர் எதிர்ப்பு வன்முறைக்குப் பின் கனடாவுக்குப் பெயர்ந்தவர்கள், தம் கதையைத் தாமே எழுதித்தரும் கட்டாயத்தை முதலில் எதிர்கொண்டது பல்கலைக்கழகத்திலன்று, அகதிக் கோரிக்கையிலேயாம். அகதிக் கோரிக்கையாளருக்கு நேர்முக விசாரணை வேண்டுமென்று உச்ச நீதிமன்றம் 1985-இல் சிங் வழக்கில் தீர்ப்பளித்ததையடுத்து, 1989-இல் குடிவரவு அகதிகள் சபை அமைந்தது. தாயகத்தில் நேர்ந்தவற்றைக் கால வரிசையில் விவரிக்கும் தனிநபர் விபரப் படிவம் விசாரணையின் அடித்தளமாயிற்று. ஆங்கிலம் அறியாதவருக்காக அதை வழக்கறிஞர் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் துணையோடு நிரப்பினர். தாம் முழுமையாக மொழிபெயர்த்து வாசித்துக் காட்டியதாக அம்மொழிபெயர்ப்பாளரும் அதில் உறுதிமொழி அளித்தார். 2012 டிசம்பரில் அதற்குப் பதிலாக வந்த கோரிக்கை அடிப்படைப் படிவத்திலும் அவ்வுறுதிமொழி நீடித்தது.

இவர்களுடைய பிள்ளைகள் பல்கலைக்கழக வாயிலை அடைந்தபோது நிலைமை வேறாயிருந்தது. ஒன்ராறியோ மருத்துவபீட விண்ணப்பங்களைக் குவெல்ஃப் நகரிலுள்ள விண்ணப்ப மையம் பொதுவாகப் பெறுகிறது. விண்ணப்பதாரர் பட்டியலிடும் செயற்பாடுகளை உறுதிப்படுத்தக்கூடியவர்களின் தொடர்பு விபரங்களையும் அது கேட்டது; செயல் மெய்யா என்று இவ்வாறு சரிபார்க்க இயலுமே தவிர, அச்செயலை விவரித்த நடை எவருடையது என்று அறிய இயலாது. 1969-இல் முதல் மாணவரைச் சேர்த்த மக்மாஸ்ரர் மருத்துவபீடம், வீட்டிலிருந்து எழுதியனுப்பும் தன்வரலாற்று மடல்களை நெடுங்காலம் பெரிதும் நம்பியிருந்தது. அவை விண்ணப்பதாரர் தனித்து எழுதியவையா, உண்மையானவையா என்ற வினாவை 2007-இல் வெளியான ஓர் ஆய்வு வெளிப்படையாகவே எழுப்பியது. அதற்குமுன் 2004-இல் அங்கு உருவான பல் குறுநேர்காணல் முறையும், 2010-ஐ ஒட்டி வந்த காஸ்பர் என்னும் நேரவரையறையுள்ள கணினித் தேர்வும், எழுதும் மேசைக்குப் பின்னால் நிற்பவரை அகற்றும் முயற்சிகளாகவும் அமைந்தன. ஆயினும் நேரக்கட்டுப்பாட்டில் நடக்கும் தேர்வுக்கும் பயிற்சி அளிக்க இயலுமாதலால், உதவி ஒழியாமல், திருத்துவதிலிருந்து பயிற்றுவிப்பதற்கு இடம்பெயர்ந்தது.

பல்கலைக்கழகங்களோ உதவியை முற்றாக மறுக்கவுமில்லை. ரொறன்ரோப் பல்கலைக்கழக எழுத்து மையங்களில் ஆசிரியர் மாணவரோடு அமர்ந்து வாதத்தையும் ஒழுங்கையும் விவாதிப்பர். ஆயினும் பிழைதிருத்திக் கொடுப்பது தம் பணியன்று என்று வரையறுத்துக்கொள்வர். ஏற்கத்தக்க உதவிக்கு எல்லை உண்டென்பதை நிறுவனங்களே அறிந்திருந்தன என்பதற்கு இது சான்றாகும். ஆனால் அவ்வெல்லைக்கு உட்பட்ட உதவியைக்கூட விண்ணப்பதாரர் அறிவிப்பதற்கான கட்டம் படிவங்களில் வழக்கமாக இடம்பெறவில்லை. இதனால் பட்டதாரிப் பெற்றோரின் பிள்ளை வீட்டில் பெற்ற திருத்தம் திறமையாக எண்ணப்பட்டது. தொழிற்சாலைப் பணியாளரின் பிள்ளை பணம் கொடுத்துப் பெற்ற அதே திருத்தம் மோசடியின் நிழலில் நின்றது. 2022 இறுதியில், கேட்டதை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவியான சாட்ஜிபிடி வெளிவந்தபின், உதவியை அறிவிக்கச் சொல்ல வேண்டுமா என்ற வினா தவிர்க்கவியலாததாயிற்று. அவ்வினாவுக்கு நொத்தாரிசின் அத்தாட்சியும் மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியும் பயன்தரும் முன்மாதிரிகளாகும். உதவியவரின் பங்கைப் பதிவுசெய்ததால் காணி உறுதியோ அகதிக் கோரிக்கையோ மதிப்பிழக்கவில்லை, மாறாக எவர் எதற்குப் பொறுப்பு என்பதே தெளிவாயிற்று.