வேகக் கமரா: இருமுறை வந்து இருமுறை போன வரலாறு

வீதித் தண்டப்பணம் உயிர் காப்பதற்கா, திறைசேரியை நிரப்புவதற்கா? ஒன்ராறியோ மாகாணத்தில் இவ்வினா புதிதன்று.

1994 ஓகஸ்டில் பொப் ரே தலைமையிலான புதிய ஜனநாயகக் கட்சி அரசு நெடுஞ்சாலைகளில் வேகக் கமராக்களை அறிமுகப்படுத்தியது. விபத்துகளைக் குறைப்பதே நோக்கம் என்றது அரசு. வருமானம் திரட்டும் தந்திரம் என்றனர் எதிர்த்தோர். அடுத்துப் பதவியேற்ற மைக் ஹரிஸ் அரசு 1995 யூலையில் அத்திட்டத்தை நிறுத்தியது.

2017ஆம் ஆண்டுச் சட்டம் பாடசாலை வலயங்களில் கமராக்களை மீண்டும் அனுமதித்தது. 2020 யூலை முதல் ரொறன்ரோ மாநகரம் தண்டச்சீட்டுகளை அனுப்பியது. அவ்வலயங்களில் வேக எல்லையை மீறிய வாகனங்கள் 45 சதவீதம் குறைந்ததாக நோயுற்ற சிறுவர் மருத்துவமனை ஆய்வாளர்கள் 2025இல் அறிவித்தனர். எனினும், பணம் பறிக்கும் கருவி இதுவெனக் கூறி, டக் ஃபோர்ட் அரசு அவ்வாண்டு நவம்பர் 14 முதல் அதனைத் தடைசெய்தது.

கமரா சாரதியை அறியாது, இலக்கத்தகட்டையே அறியும். எனவே ஒரே வாகனத்தைப் பலர் ஓட்டும் எம் இல்லங்களில் விரைந்தவர் ஒருவர், தண்டம் செலுத்தியவர் வேறொருவர். இக்குறையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அனைவரும் விதிப்படி ஓட்டியிருப்பின் அக்கருவி ஒரு சதமும் ஈட்டியிராது.

கமராக்கள் ஓய்ந்தன; எம் பிள்ளைகளோ அதே வீதிகளையே கடக்கின்றனர். தண்டத்திற்கு அஞ்சியன்று, அவர்களை எண்ணியே வேகத்தைக் குறைப்போமாக.